ஐந்து லட்சமும் ஆயிரம் ரூபாயும்

முதியோருக்கான அரசுத் திட்டங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். திட்ட விதிகள், அறிவிக்கைகள், நாடாளுமன்றப் பதில்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்து முடித்த பிறகு இரண்டு எண்கள் மட்டும் மனசில் தங்கிவிட்டன. ஒன்று 5,00,000. இன்னொன்று 1,000.

முதல் எண், 70 வயது தாண்டிய எவருக்கும் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அரசு ஏற்கும் என்ற வாக்குறுதி. இரண்டாவது எண், பி.எஃப். பிடித்தம் கட்டிய தனியார் தொழிலாளிக்கு மாதம் குறைந்தது ஆயிரம் ரூபாய் பென்ஷன் உண்டு என்ற உத்தரவாதம். இரண்டையும் தருவது ஒரே மத்திய அரசுதான். வாங்குபவரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை என்பது போலத்தான் திட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இது திட்டங்களை மட்டம்தட்டும் கட்டுரை இல்லை. இரண்டுமே இல்லாமல் இருந்ததற்கு, இருப்பது மேல். ஆனால் ஒரு திட்டத்தைப் பாராட்டுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. புரிந்துகொள்ள, கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

முதுமை எந்த வயசில் ஆரம்பிக்கிறது?

ஒவ்வொரு திட்டமும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்கிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்கு (1995-இல் வந்ததால் இ.பி.எஸ்.-95 என்பார்கள்) வயசு 58. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 60. முதியோர் உதவித்தொகைக்கும் 60. ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு 70. முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு கூடுவதற்கு 80.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். 58 வயசில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு அன்றோடு முடிகிறது. வயசை மட்டும் பார்த்துக் கொடுக்கிற அரசுக் காப்பீடு 70-இல்தான் வரும். நடுவில் 12 வருடம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் வேரூன்றுவது அந்த 12 வருடத்தில்தான்.

"முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012-இலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. இந்தியாவிலேயே முன்னோடித் திட்டங்களில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. பெரியவர் மகனோடு ஒன்றாக இருந்து, மகனின் சம்பளமும் கணக்கில் வந்தால், அந்த மகன் துணிக்கடையில் வேலை பார்த்தாலே வரம்பைத் தாண்டிவிடும். ஏழை என்று நிரூபிக்கவும் முடியாது, தனியார் பிரீமியம் கட்டவும் முடியாது. இந்த நடுவாந்திர ஆட்கள்தான் நம்மூரில் அதிகம்.

பென்ஷன் கணக்கு

இ.பி.எஸ். சூத்திரம் ரொம்ப எளிமையானது. பென்ஷனுக்குரிய சம்பளத்தை, பென்ஷனுக்குரிய சேவை வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 70 எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் திட்டத்தின் நோக்கம் புரியும். 35 வருடம் வேலை பார்த்தால் 35/70, அதாவது பாதி. முழு உழைப்புக்குச் சம்பளத்தில் பாதி என்பதுதான் சூத்திரத்துக்குள் இருக்கும் வாக்குறுதி. நல்ல வாக்குறுதி.

சிக்கல் "பென்ஷனுக்குரிய சம்பளம்" என்ற சொல்லில் இருக்கிறது. அது கையில் வாங்கின சம்பளம் இல்லை. கடைசி 60 மாதச் சராசரி, அதற்கும் ஓர் உச்சவரம்பு. 2001 ஜூன் முதல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாய். 2014-இல் விதி திருத்தியபோது இன்னொரு வரியையும் சேர்த்தார்கள்: 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 வரை, அதற்குப் பிந்தைய சேவைக்கு 15,000 வரை என்று பிரித்துக் கணக்கிட வேண்டும். பலருக்கு இந்த வரி தெரிவதே இல்லை. "15,000-ஐ 28-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தா 6,000 வரணுமே, ஏன் குறையுது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ஓர் உதாரணம் போடுவோம். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1997 செப்டம்பரில் சேர்ந்தார். 2025 ஆகஸ்ட் கடைசியில் 58 வயசு முடிந்து ஓய்வு. 28 வருடச் சேவை. கடைசியாக வாங்கின சம்பளம் 32,000.

முதல் 17 வருடம்: 6,500 × 17 ÷ 70 = 1,579.
அடுத்த 11 வருடம்: 15,000 × 11 ÷ 70 = 2,357.
மொத்தம் 3,936 ரூபாய்.

20 வருடத்துக்கு மேல் சேவை இருப்பதால் 2 வருடம் போனஸாகச் சேரும். அந்த 2 வருடத்தை எந்த வரம்பில் சேர்த்தாலும் தொகை 4,400-ஐத் தாண்டாது. ஆக, 32,000 வாங்கினவருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. சூத்திரம் "பாதி" என்கிறது, உச்சவரம்பு அதை எட்டில் ஒன்றாக்குகிறது. அவர் காலமான பிறகு மனைவிக்கு அதிலும் பாதிதான் விதவை ஓய்வூதியமாக வரும்.

இந்த உச்சவரம்பு மாறாமலே போனால், ஒருவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சாதாரண பென்ஷன் 15,000-இல் பாதி, அதாவது 7,500. அதையும் 2014-இல் வேலைக்குச் சேர்ந்து 33 வருடம் இடைவிடாமல் உழைத்து, போனஸ் 2 வருடமும் சேர்த்து, 2047 வாக்கில் ஓய்வு பெறும் ஆள்தான் வாங்க முடியும். 2047-இல் 7,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

ஹார்ட்கோட் செய்யப்பட்ட எண்கள்

என் தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு. காலப்போக்கில் மாறக்கூடிய எண்ணை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைக்கக் கூடாது. வரி விகிதத்தை 18 என்று எண்ணாகவே எழுதி வைத்தால், ஜூனியர் பையன் கூட கோட் ரிவ்யூவில் அதைத்தான் முதலில் பிடிப்பான். "இதை ஏன் அண்ணா ஹார்ட்கோட் பண்ணினீங்க?" என்பான்.

முதியோர் திட்டங்கள் முழுக்க இப்படி ஹார்ட்கோட் செய்த எண்கள்தான். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 என்பது 2014 செப்டம்பரில் வந்தது. 2025-இலும் அதே ஆயிரம்தான். ஒரு பேச்சுக்கு விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 11 வருடத்தில் அந்த ஆயிரத்தின் வாங்கும் சக்தி 585 ரூபாயாகச் சுருங்கியிருக்கும். யாரும் குறைக்கவில்லை, எந்த அரசாணையும் போடவில்லை. சும்மா விட்டதாலேயே குறைந்துவிட்டது.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய். அந்த 200, 2007-லிருந்து அப்படியே நிற்கிறது. அதே 5 சதவீதக் கணக்கில், இன்றைய 200 ரூபாய் 2007-இன் 83 ரூபாய்க்குச் சமம். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் கிடைக்கிறது என்றால், அந்த வித்தியாசத்தை மாநில அரசு போடுகிறது. மாநிலம் மனசு வைக்காத இடங்களில் நிலைமை வேற.

அகவிலைப்படியைக் கணக்கிட இந்த அரசுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்காக 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். குறைந்தது 10 வருடம் வேலை பார்த்தால் மாதம் 10,000 ரூபாய் குறைந்தபட்ச உத்தரவாதம், அதன் மேல் விலைவாசிக்கேற்ற அகவிலை நிவாரணம். அங்கே 10,000, அதுவும் வளரும். இங்கே 1,000, அது வளராது.

இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை இல்லை என்பது எனக்கும் தெரியும். அரசு ஊழியருக்கு அரசுதான் முதலாளி. அந்தத் திட்டத்தில் ஊழியர் 10 சதவீதம் கட்ட, அரசு 18.5 சதவீதம் போடுகிறது. இ.பி.எஸ்.ஸில் முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதமும், மத்திய அரசின் மானியமாக 1.16 சதவீதமும் போகின்றன. அதிகபட்சமாக மாதம் 1,250-உம் 174-உம். போடுவது குறைவு, வருவதும் குறைவு. அதில் தப்பில்லை. நான் கேட்பது அளவைப் பற்றி இல்லை. வளர வேண்டிய எண் ஏன் வளராத எண்ணாக எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. உச்சவரம்பு சம்பளத்தோடு சேர்ந்து உயர்ந்திருந்தால் பிடித்தமும் உயர்ந்திருக்கும், நிதியமும் உயர்ந்திருக்கும், பென்ஷனும் உயர்ந்திருக்கும். 15,000-ஐ அப்படியே நிறுத்தி வைத்ததில் மூன்றும் சேர்ந்தே நின்றுவிட்டன.

ஐந்து லட்சத்துக்குள் என்ன இருக்கிறது

இப்போது பெரிய எண்ணுக்கு வருவோம். ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பர் 23-இல் தொடங்கியது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமான வரம்பு இல்லாமல் விரிவாக்க 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அக்டோபர் 29-இல் வய வந்தனா அட்டை வந்தது.

இதில் மனதாரப் பாராட்ட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தகுதி விதி ஒரே வரி: ஆதார்படி 70 வயசு. வருமானச் சான்று வேண்டாம், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் சேரலாம். ஒரு நல்ல நிரலாளர் எழுதின நிபந்தனை போல சுத்தமாக இருக்கிறது. தனியார் காப்பீட்டில் 70 வயசுக்காரர் புதிதாகச் சேரப் போனால் என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 5 லட்சம் என்பது எதற்கு? உள்நோயாளியாகப் படுத்தால், அல்லது டயாலிசிஸ், கீமோதெரபி மாதிரி டே கேர் சிகிச்சை எடுத்தால். அதோடு சேர்க்கைக்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பின பிறகு 15 நாள் மருந்துச் செலவு. வெளிநோயாளிச் செலவு இதில் இல்லை. டாக்டர் ஃபீஸ் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை இல்லை. ஆயுசு முழுக்கப் போட வேண்டிய மாத்திரை இல்லை.

இன்னொன்று, 5 லட்சம் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஒரே வீட்டில் 74 வயசுத் தாத்தாவும் 71 வயசுப் பாட்டியும் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான். ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பமாக இருந்தால், பெரியவர்களுக்கென்று தனியாகக் கூடுதல் 5 லட்சம் உண்டு. நோட்டீசில் பெரிய எழுத்தில் வருவது 5 லட்சம் மட்டும்தான்.

இங்கேதான் இரண்டு எண்களும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கின்றன. எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மா. பெரியப்பா ஆலையில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். பெரியம்மாவுக்கு விதவை பென்ஷன் மாதம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். மாதாமாதம் தவறாமல் கணக்கில் ஏறுகிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. வயசு 66, ஆக வய வந்தனா கிடையாது. மகனோடு இருக்கிறார், ஆக வருமான வரம்பு தாண்டிவிடும். பிரஷருக்கும் சுகருக்குமாக மாத்திரைச் செலவு மாதம் தொள்ளாயிரம்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது மாத்திரை அட்டையைப் பார்த்தேன். மாதக் கடைசிக்கு நிறைய மிச்சம் இருந்தது. கேட்டதற்கு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன் கண்ணு. தினமும் போட்டா மாசம் முழுக்க வராது, அவனைக் கேக்கறதுக்கும் ஒரு மாதிரியா இருக்குது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், பால் பாக்கெட் கணக்கு சொல்வது போல.

ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் என்ன ஆகும் என்று எந்த டாக்டரும் சொல்வார். கட்டுப்படாத ரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழி. கட்டுப்படாத சர்க்கரை சிறுநீரகத்துக்கும் காலுக்கும் வினை. அப்படி ஏதாவது ஆகி, அதற்குள் 70 வயசும் ஆகியிருந்தால், அப்போது அரசு 5 லட்சம் வரை கொடுக்கத் தயாராக இருக்கும். மாதம் 900 ரூபாய்க்கு வழியில்லாமல் வரும் நோய்க்கு லட்சக்கணக்கில் வழி இருக்கிறது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, எந்த அதிகாரியும் தவறு செய்யவில்லை. இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் ஒரு மாத்திரை அட்டை விழுந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

வெளியூர்ப் பாடம்

சில வருடங்கள் அமெரிக்கக் காப்பீட்டுத் துறைக்கான மென்பொருளில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதே கதை நடந்தது என்பதால் சொல்கிறேன். 65 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிக்கேர் சட்டம் 1965-இல் வந்தது. மருத்துவமனைக்கு ஒரு பகுதி, டாக்டருக்கு ஒரு பகுதி. வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளுக்குப் பொதுவாக எதுவும் கிடையாது. அதற்கான "டி" பகுதிக்குச் சட்டம் 2003-இல் வந்து, 2006 ஜனவரியில்தான் அமலானது. நாற்பது வருடம்! அவ்வளவு பணக்கார நாட்டுக்கே மாத்திரையைப் பார்க்க நாற்பது வருடம் ஆயிற்று.

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. அவர்களின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1975 முதல் விலைவாசிக் குறியீட்டோடு தானாக உயர்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் உயர்த்தணும். தானாக உயரும் என்று ஆனபின், பென்ஷன் உயர்வு யாருடைய கருணையும் இல்லை என்றாகிவிட்டது. கான்ஃபிக் கோப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

அமெரிக்க முறையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. பிரீமியம், கழிவுத்தொகை, தாமதமாகச் சேர்ந்தால் அபராதம் என்று அங்கே இருக்கிற குழப்பம் தனி. நான் சொல்வது இந்த இரண்டு ஏற்பாடுகளை மட்டும்தான்.

எதிர்வாதங்கள்

முதலாவது: காப்பீடு என்பதே எதிர்பாராத பெரிய செலவுக்குத்தான், மாத மளிகைக்கு யாரும் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. தத்துவமாகச் சரி. ஆனால் இது அரசு தன் வரிப்பணத்தில் நடத்தும் திட்டம். பிற்பாடு வரும் பெரிய செலவை ஏற்கப் போவதும் அதே அரசு என்றால், அதைக் குறைக்கும் சிறிய செலவை இப்போது ஏற்பதில் அரசுக்கே லாபம் இருக்கிறது. தவிர, இந்தியாவில் மாத்திரை கொடுக்கும் திட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1952-இல் தொடங்கிய இ.எஸ்.ஐ. வெளிநோயாளிக்கு மருந்து கொடுக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கான சி.ஜி.எச்.எஸ். கொடுக்கிறது. செய்யத் தெரியும், எல்லோருக்கும் செய்யவில்லை.

இரண்டாவது: ஓய்வூதிய நிதியத்தில் பற்றாக்குறை இருக்கிறது, கொடுக்கப் பணம் இல்லை. குறைந்தபட்ச பென்ஷனை 7,500 ஆக்கி அகவிலைப்படியும் கொடுங்கள் என்று பென்ஷனர் சங்கங்கள் கேட்கும்போதெல்லாம் வரும் பதில் இது. இதைத் தள்ளிவிட முடியாது. வேலை செய்பவர்களின் பிடித்தம்தான் நிதியம், வானத்திலிருந்து விழாது. ஆனால் குறைந்தபட்சம் 1,000 என்பதற்கே அரசு ஏற்கெனவே தன் பட்ஜெட்டிலிருந்து உதவுகிறது. ஆக, இது நிதியத்தின் பணமா அரசின் பணமா என்ற கோடு 2014-லேயே தாண்டப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது எவ்வளவு என்ற கேள்விதான். அது அரசியல் முடிவு, கணக்கியல் முடிவு இல்லை.

மூன்றாவது: பி.எஃப். மொத்தத் தொகை தனியாக வருகிறதே? வருகிறது, அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. தொழிலாளியின் 12 சதவீதமும் முதலாளியின் 3.67 சதவீதமும் வட்டியோடு திரும்ப வரும். ஆனால் நம் குடும்பங்களில் அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாதாமாதம் வருவதற்குப் பெயர்தான் பென்ஷன்.

நடந்திருக்கும் ஒரு நல்ல காரியம்

இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் சரியாகக் குறி பார்த்து அடித்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. 5 லட்சம் மாதிரி பெரிய எண் எதுவும் இதற்கு இல்லாததால், பேச்சில் அடிபடுவது குறைவு.

பெரியம்மாவுக்கும் இந்தத் திட்டம் தெரிந்துதான் இருந்தது. "கவர்ன்மென்ட் மாத்திரை கேக்குமா?" என்ற பயத்தில் விட்டுவிட்டார். மருந்தின் மூலப்பெயர் ஒன்றுதான், அட்டையின் நிறம்தான் வேற என்று அவருக்குப் புரிய வைத்தது நான் இல்லை, வீட்டுக்கு வரும் செவிலியர். இரண்டு மூன்று தடவை வந்து, பிரஷர் பார்த்து, எண்ணைச் சொல்லிக் காட்டின பிறகு நம்பிக்கை வந்தது. இப்போது தினமும் போடுகிறார். திட்டத்தின் வெற்றி அந்த இரண்டாவது மூன்றாவது வருகையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த நோட்டீசும் அதைச் செய்யாது.

ஆகவே என் விமர்சனத்தைச் சுருக்கினால் மூன்று கோரிக்கைகள். பென்ஷன் எண்களையும் சம்பள உச்சவரம்பையும் விலைவாசிக் குறியீட்டோடு கட்டுங்கள். வய வந்தனாவின் சுத்தமான தகுதி விதியை 60-ஐ நோக்கிப் படிப்படியாக இறக்குங்கள். 5 லட்சத்தில் ஒரு சிறு பகுதியையாவது வெளிநோயாளி மருந்துக்குத் திறந்துவிடுங்கள். மூன்றாவதற்கு மொத்தத் தொகையைக் கூட்டக்கூட வேண்டாம். அதே 5 லட்சத்துக்குள் வருடம் 12,000 ரூபாய் மருந்துக்கென்று ஒதுக்கினால் போதும்.

அதுவரைக்கும்

கோரிக்கை நிறைவேறும்வரை வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் பார்க்க வேண்டியவை சில:

பி.எஃப். பதிவிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பே பாருங்கள். 58 வரை காத்திருந்து திருத்தப் போனால் அலைச்சல்.

58-க்கு முன்னால், 50 வயசு முதலே குறைத்த பென்ஷன் வாங்கலாம். ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுசுக்கும் தொடரும். வேறு வருமானம் இருந்தால் 60 வரை தள்ளிப்போட்டு வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டியும் வாங்கலாம்.

10 வருடம் ஆவதற்குள் வேலை மாறினால் பென்ஷன் பணத்தை எடுத்துவிடாமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிச் சேவையைத் தொடருங்கள். 10 வருடம் முடித்தால்தான் மாதப் பென்ஷன்.

உயிர்வாழ் சான்றை இ.பி.எஸ். பென்ஷனர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும், நவம்பர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முக அடையாளம் வைத்து செல்போனிலேயே முடிக்கலாம். 2025 ஜனவரி முதல் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம் என்பதால், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் பெரியவர்களுக்கு ஒரு தலைவலி குறைந்தது.

குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். மாதம் 10 ரூபாய். வெளிநோயாளி மருந்தும் இதில் அடக்கம். இவ்வளவு மலிவான ஓர் ஏற்பாடு இருப்பது தகுதி உள்ள பலருக்கே தெரியவில்லை.

70 தாண்டியவர் வீட்டில் இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே வய வந்தனா அட்டைக்குப் பதிந்து வையுங்கள். ஆம்புலன்ஸில் இருந்துகொண்டு ஆதார் ஓ.டி.பி. தேடக் கூடாது.

மாத்திரை அட்டையையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேதிக்கும் மிச்சத்துக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று.